நம்ம கல்யாணம், நம்ம பாட்டு, கெட்டிமேளம் யாருக்கு?

இந்த எபிசோடை ஒரு கேள்வியோட ஆரம்பிக்கிறேன். நீங்க கடைசியா போன கல்யாணத்துல நாதஸ்வரத்துல என்ன வாசிச்சாங்கன்னு ஞாபகம் இருக்கா? பந்தியில என்ன பாயசம்னு ஞாபகம் இருக்கும். மணமக்கள் உள்ள வரும்போது டிஜே போட்ட பாட்டு ஞாபகம் இருக்கும், ஏன்னா அது ரீல்ஸ்ல வந்திருக்கும். ஆனா காலையில மூணு மணி நேரம் மூச்சைப் பிடிச்சு வாசிச்ச மனுஷன் என்ன வாசிச்சார்? எனக்கும் எந்தக் கல்யாணத்துலயும் ஞாபகம் இருந்ததில்ல. என் கல்யாணம் வரைக்கும்.

எங்க கல்யாணம் ஒரு ஆவணி மாசம், இலஞ்சியில நடந்தது. இலஞ்சி தெரியாதவங்களுக்கு: தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவுல, சிற்றாறு ஓரமா, வயலுக்கு மத்தியில இருக்கிற ஊர். அங்க இருக்கிற குமாரர் கோயிலுக்கு அருணகிரிநாதர் திருப்புகழ் பாடியிருக்கார். சுத்து வட்டாரத்துல அது கல்யாணக் கோயில். முகூர்த்த நாள்ல ஒரே காலையில பல ஜோடிகளுக்கு அங்க தாலி ஏறும். கோயில்ல தாலி, பக்கத்து மண்டபத்துல சாப்பாடு, இதுதான் வழக்கம்.

நானும் அவரும் சென்னையில வேலை பார்க்கிறோம். ரெண்டு பேருக்கும் பாட்டு உயிர். அதனால ஒரே ஒரு விஷயத்துல பிடிவாதமா இருந்தோம்: நம்ம கல்யாணத்துல ஒவ்வொரு நிமிஷமும் நமக்குப் பிடிச்ச பாட்டுதான் கேக்கணும். அதுக்காக 23 பாட்டு வச்சு ஒரு பிளேலிஸ்ட் போட்டேன். எது எப்போன்னு எக்செல்ல நேரம் கூட குறிச்சேன்.

அந்த எக்செல் என்ன ஆச்சுங்கிறதுதான் இன்னைக்குக் கதை. கூடவே, கல்யாண மேளம் உண்மையில எப்படி வேலை செய்யுதுன்னும் சொல்றேன். உங்க கல்யாணத்துக்கோ, உங்க அக்கா கல்யாணத்துக்கோ உதவும்.

"இதுல தாலி எங்க இருக்கு?"

கல்யாணத்துக்கு ரெண்டு மாசம் முன்னாடி நாதஸ்வர அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். அப்பாதான் கூட்டிட்டுப் போனார். சாரல் விழுந்துக்கிட்டு இருந்தது. திண்ணையில உக்கார வச்சு, காப்பி கொடுத்தாங்க. நான் போனை எடுத்து பிளேலிஸ்டைக் காட்டினேன். அண்ணாச்சி பொறுமையா ஒண்ணொண்ணா பார்த்தார். ரெண்டு மூணு பாட்டை அங்கேயே முணுமுணுத்தும் பார்த்தார். அப்புறம் கேட்டார்:

"எல்லாம் நல்ல பாட்டுதான் தாயி. ஆனா இதுல தாலி எங்க இருக்கு?"

எனக்குப் புரியல. "காலையில 6.40-ன்னு போட்டிருக்கேனே அண்ணாச்சி" என்றேன். அவர் சிரிச்சுட்டார்.

"அய்யர் 6.40-க்கு கையைத் தூக்குவாருன்னு உங்களுக்கு யாரு சொன்னா? 6.31-க்கும் தூக்கலாம், 6.50-க்கும் தூக்கலாம். நான் பாட்டைப் பார்த்து வாசிக்கமாட்டேன். அவரு கையைப் பார்த்துலா வாசிப்பேன்."

இதுதான் நான் கத்துக்கிட்ட முதல் பாடம். நம்ம தலைமுறைக்கு கல்யாண இசைன்னா பின்னணி இசை. சினிமா மாதிரி, காட்சிக்கு ஏத்த பாட்டு ஓடணும். ஆனா மேளம் பின்னணி இல்ல. அதுதான் அந்த நாளோட கடிகாரம். மைக் இல்லாத காலத்துல, பந்திக்கு இலை போட்டுக்கிட்டு இருந்தவருக்கும், வாசல்ல செருப்பைக் கழட்டிக்கிட்டு இருந்தவருக்கும் உள்ள என்ன நடக்குதுன்னு சொன்னது மேளம்தான். அது வேகம் எடுத்தா, கையில அட்சதையோட எல்லாரும் ஓடி வரணும். அதுதான் கெட்டிமேளம்.

கெட்டிமேளத்துக்கு இன்னொரு காரணமும் பெரியவங்க சொல்வாங்க. தாலி ஏறுற நொடியில தும்மல், அழுகை, யாராவது வாய் தவறிச் சொல்ற அபசகுன வார்த்தை, எதுவும் மணமக்கள் காதுல விழக்கூடாது. அதனால மேளத்தை ஓங்கி அடிச்சு எல்லாத்தையும் மூடிடறது. நம்பிக்கையை விடுங்க. பொறியியலா யோசிச்சாலும் அழகு: ஒரே சத்தம் ஊருக்கு அறிவிப்பாவும் இருக்கு, மணமக்களைச் சுத்தி ஒரு சுவராவும் இருக்கு.

அந்தக் குழல் எப்படிப் பேசுது

அண்ணாச்சி நாதஸ்வரத்தை உறையில இருந்து எடுத்துக் காட்டினார். ஆச்சா மரத்துல செஞ்சது. இதுக்குப் பேர் போன ஊர் நரசிங்கம்பேட்டை, தஞ்சாவூர் பக்கம். அந்த ஊர் நாதஸ்வரத்துக்கு 2022-ல புவிசார் குறியீடு கிடைச்சது. விரல் வைக்க 7 துளை. சாவி கிடையாது, பொத்தான் கிடையாது. ஒரு சுரத்துல இருந்து இன்னொண்ணுக்கு வழுக்கிப் போறது, அசைக்கிறது எல்லாம் மூச்சோட அழுத்தத்துலயும் விரலை எவ்வளவு திறக்கிறோம்ங்கிறதுலயும்தான் இருக்கு. வாயில வைக்கிற சீவாளி நாணல்ல செய்யறது. அது காஞ்சா பேசாது, ரொம்ப ஊறினாலும் பேசாது. அதனாலதான் குழல்ல ஒரு கயிறு கட்டி, மாத்துச் சீவாளி நாலஞ்சு தொங்கிக்கிட்டு இருக்கும். நான் அதை அலங்காரம்னு நினைச்சிருந்தேன்!

பக்கத்துல தவில் அண்ணாச்சி உக்காந்திருந்தார். பலா மரத்துல குடைஞ்ச தவில். வலது கை விரல்கள்ல கூடு மாட்டி, இடது கையில கம்பு பிடிச்சு அடிக்கணும். ரெண்டுமே திறந்த வெளிக்கும் கோயில் வீதிக்கும் உருவான வாத்தியம். அதனால ஒரு உபயோகமான குறிப்பு: சின்ன மண்டபமா இருந்தா மேளத்துக்கு மைக் வைக்கச் சொல்லாதீங்க. "மேளம் காதைக் கிழிக்குது"ன்னு நாம குறை சொல்ற பல இடத்துல, கிழிக்கிறது மேளம் இல்ல, ஸ்பீக்கர்.

அடுத்து என் பிளேலிஸ்டுக்கு வந்தார். எந்த சினிமா பாட்டு நாதஸ்வரத்துல நிக்கும், எது நிக்காதுன்னு பிரிச்சுக் கொடுத்தார். நீளமான வரி, ராகத்துல உக்காந்த மெட்டுன்னா நல்லா வரும். தாளத்தையும் வார்த்தையையும் மட்டும் நம்பி ஓடுற ராப் மாதிரி பாட்டு வராது. வார்த்தையை எடுத்துட்டா அதுல ஊதறதுக்கு ஒண்ணும் இருக்காது. 23 பாட்டு 6 ஆச்சு.

மிச்ச நேரத்துக்கு என்னன்னு கேட்டேன். "அத எங்ககிட்ட விடுங்க" என்றார். ஆரம்பத்துக்கு நாட்டை மாதிரி கம்பீரமான ராகம். நடுவுல கல்யாணி, ஆனந்தபைரவி. முடிக்கும்போது மத்தியமாவதி. முகாரிக்கு சோக ராகம்னு பேர் இருக்கிறதால முகூர்த்தத்துல தொடமாட்டாங்க. நேரம் நீண்டா ஆலாபனையை நீட்டுவாங்க, குறைஞ்சா சுருக்குவாங்க. பிளேலிஸ்டால செய்ய முடியாத வேலை இது.

ஒரே ஒரு பாட்டு

ஆறுல ஒரு பாட்டு மட்டும் எனக்கு உயிர். 'கொஞ்சும் சலங்கை' படத்துல வர்ற 'சிங்கார வேலனே தேவா'. 1962-ல வந்த படம். எஸ்.ஜானகி அம்மா குரலும் காருகுறிச்சி அருணாசலம் அவங்க நாதஸ்வரமும் மாறி மாறிப் போகும். ஆபேரி ராகம்.

காருகுறிச்சியார் எங்க பக்கத்து மனுஷன். சேரன்மகாதேவிப் பக்கம் இருக்கிற காருகுறிச்சிதான் அவர் ஊர். டி.என்.ராஜரத்தினம் பிள்ளையோட சிஷ்யர். 1921-ல பிறந்து 1964-லயே போயிட்டார், 43 வயசு கூட முழுசா இல்ல. எங்க தாத்தா இளவட்டமா இருந்தப்போ அவர் வாசிப்பை நேர்ல கேட்டவர். எங்க வீட்டுல அந்தப் பாட்டு ரேடியோவுல வந்தா, தாத்தா கையைத் தூக்கிக் காட்டுவார், யாரும் பேசக்கூடாது. இப்போ அவருக்கு 84 வயசு, காது பாதிதான் கேக்குது. டிவி சத்தம் புரியாது, போன்ல பேசினா புரியாது. ஆனா நாதஸ்வரம் கேக்கும். அதனால அந்தப் பாட்டு அவருக்காக.

"அத தாலிக்கு முன்னாடி வைக்காதீங்க. பாதியில வெட்டிருவேன்" என்றார் அண்ணாச்சி. "தாலி கட்டி முடிச்சு, சாமி கும்பிட்டு, பிரகாரம் சுத்தும்போது வச்சுக்கலாம். அப்ப அய்யருக்கு வேலை இல்ல, எனக்கு நேரம் இருக்கு." இதை நீங்களும் குறிச்சு வச்சுக்கோங்க: உங்க மனசுக்கு ரொம்பப் பிடிச்ச பாட்டு தாலிக்கு அப்புறம்தான்.

செண்டையும் கிட்டாரும்

இதுக்கு நடுவுல ஒரு சண்டையும் ஓடிச்சு. அவர் வீடு நாகர்கோவில். "எங்க பக்கம் செண்டை மேளம் இல்லாம கல்யாணமா?"ன்னு மாமா கேட்டார். எங்க அப்பாவுக்கு அது பிடிக்கல. "இலஞ்சியில வந்து மலையாள மேளமா?" என்றார்.

எனக்கு ஒரு விஷயம் தெரியும், அதை வச்சுத்தான் சமாதானம் பண்ணினேன். திருச்சூர் பூரத்துல வடக்குநாதன் கோயிலுக்குள்ள நடக்கிற புகழ்பெற்ற செண்டை மேளத்துக்குப் பேரே இலஞ்ஞித்தறை மேளம். இலஞ்ஞி மரத்தடியில வாசிக்கிறதால அந்தப் பேர். மலையாளத்துல இலஞ்ஞின்னா மகிழமரம். தமிழ்லயும் இலஞ்சின்னா மகிழமரம்னு ஒரு பொருள் இருக்கு. "மாமா, உங்க மேளத்துக்கே எங்க ஊர் பேர்தான்"னு சொன்னதும் சிரிச்சுட்டார். அப்பாவும் விட்டுக்கொடுத்தார். மண்டப வாசல்ல வரவேற்புக்கு செண்டை, கோயிலுக்குள்ள நாதஸ்வரம்னு முடிவாச்சு.

ஆனா ஒண்ணு சொல்லணும். செண்டையும் நாம வாசல்ல பத்து நிமிஷம் அடிக்க விடுற 'என்ட்ரி' சத்தம் இல்ல. பஞ்சாரி மேளம்னு ஒண்ணு இருக்கு. தாளவட்டம் 96 அட்சரத்துல மெதுவா ஆரம்பிச்சு 48, 24, 12, 6-ன்னு அஞ்சு காலமா சுருங்கிக்கிட்டே, வேகம் ஏறிக்கிட்டே போகும். முழுசா வாசிக்க மணிக்கணக்காகும். ஒரு தடவையாவது உக்காந்து கேளுங்க.

என் தோழி ஒருத்தி கிட்டார் வாசிப்பா. வரவேற்புல அண்ணாச்சியோட சேர்ந்து ஒரு பாட்டு வாசிக்கணும்னு ஆசைப்பட்டா. இங்கதான் பல 'ஃபியூஷன்' திட்டம் படுத்துடும், காரணம் சுருதி. நாதஸ்வரத்தோட சுருதி அதோட நீளத்துலயே அமைஞ்சிருக்கு, முடுக்கி மாத்த முடியாது. இன்னைக்குப் பரவலா இருக்கிற நீளமான பாரி நாதஸ்வரம் பெரும்பாலும் 2 அல்லது 2½ கட்டை. அண்ணாச்சியோடது 2½. கிட்டார் பாஷையில டி ஷார்ப். தோழி மூணாவது கட்டத்துல கேப்போ மாட்டி, சி கார்டு வடிவத்துலயே வாசிச்சா. அவ்வளவுதான் விஷயம். மாறணும்னா நாமதான் மாறணும், குழல் மாறாது.

அன்னைக்குக் காலையில

முகூர்த்த நாள். விடியறதுக்கு முன்னாடியே அண்ணாச்சி குழு வந்து உக்காந்துட்டாங்க. லேசான சாரல், கோயில் முழுக்க மல்லிகைப்பூ வாசனை. எங்களுக்கு வலது பக்கம் ஒரு ஜோடி, இடது பக்கம் ஒரு ஜோடி, கொஞ்சம் தள்ளி இன்னொண்ணு. ஒவ்வொரு குழுவும் அவங்கவங்க அய்யர் கையைப் பார்த்துக்கிட்டு இருக்கு. திடீர்னு ஒரு கெட்டிமேளம் எழும்பிச்சு. நான் பதறிப் போய் அவரைப் பார்த்தேன். "நம்மது இல்ல, பக்கத்துல"ன்னு அத்தை காதுல சொன்னாங்க. அப்புறம் இன்னொண்ணு. அதுவும் நம்மது இல்ல.

எங்க முறை வந்தப்போ தெரிஞ்சுது. ஆனந்தபைரவியில பாதி வரி ஓடிக்கிட்டு இருந்தது, அய்யர் கை தூக்கினார், அந்தப் பாதியிலேயே குழல் வேற உயரத்துக்குப் போச்சு. தவில் இடி மாதிரி விழுந்தது. அத்தைமார், சித்திமார் எல்லாரும் குலவை போட்டாங்க. நான் போட்ட எந்த லிஸ்ட்லயும் குலவை இல்ல மக்களே. ஆனா அன்னைக்கு எனக்குக் கண்ணு கலங்கினது அதுக்குத்தான்.

அப்புறம் சாமி கும்பிட்டு, பிரகாரம் சுத்த ஆரம்பிச்சோம். அண்ணாச்சி 'சிங்கார வேலனே' எடுத்தார். தாத்தா நாற்காலியில உக்காந்திருந்தார். ரேடியோவுக்குத் தூக்கின அதே கை மேல போச்சு. பேசிக்கிட்டு இருந்த சித்தப்பா வாயை மூடிக்கிட்டார்.

கொஞ்ச நேரம் போயிருக்கும். தூண் பக்கத்துல ஒரு ஜோடி. அவங்களுக்கு மேளம் இல்ல. ரெண்டு பக்கமும் சேர்த்து இருபது பேர் இருப்பாங்க. பொண்ணோட தம்பி போல ஒரு பையன், போனையும் சின்ன ஸ்பீக்கரையும் கையில தூக்கிப் பிடிச்சிருந்தான். ரெக்கார்டு பண்ணின நாதஸ்வரம் அதுல ஓடிக்கிட்டு இருந்தது. அவங்க அய்யர் கையைத் தூக்கினார். சரியா அந்த நேரம் பாட்டு நின்னு விளம்பரம் வந்துடுச்சு. உடனடிக் கடன் தர்றோம்னு ஒரு குரல். பையன் திரையைத் தட்டுறான், கை நடுங்குது, விளம்பரம் போகல. மாப்பிள்ளை தாலியைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறார். பொண்ணு தலையைக் குனிஞ்சுட்டா.

எங்க பாட்டு நின்னுது.

அண்ணாச்சி யாரையும் கேக்கல. குழலை அந்தப் பக்கம் திருப்பினார். தவில் அண்ணாச்சிகிட்ட ஒரு பார்வை, அவ்வளவுதான். கெட்டிமேளம் முழு வேகத்துல எழும்பிச்சு. அந்த மாப்பிள்ளை தாலி கட்டினார். எங்க அத்தைமார் அந்தப் பொண்ணு யாருன்னே தெரியாம குலவை போட்டாங்க.

உண்மையைச் சொல்றேன், முதல் ரெண்டு நொடி எனக்குக் கோபம்தான் வந்தது. ஆறுல ஒரு பாட்டு, தாத்தாவுக்காக வச்ச பாட்டு, அதைப் பாதியில நிறுத்திட்டாரேன்னு. திரும்பி தாத்தாவைப் பார்த்தேன். அவர் மடியில மிச்சம் இருந்த அட்சதையை அள்ளி, அந்த ஜோடி பக்கம் போட்டுக்கிட்டு இருந்தார்.

மேளம் முடிஞ்சதும் அண்ணாச்சி எங்க பக்கம் திரும்பி, பாட்டை மறுபடியும் பல்லவியில இருந்து எடுத்தார். நாங்களும் மறுபடி முதல்ல இருந்து பிரகாரம் சுத்தினோம்.

சாப்பாட்டுக்கு அப்புறம் அண்ணாச்சிகிட்ட போய்க் கேட்டேன். "எங்க பாட்டை நிறுத்திட்டீங்களே"ன்னு சும்மா சீண்டினேன். "பாட்டு உங்களுக்கு வாசிச்சது தாயி. கெட்டிமேளம் அப்பிடி இல்லலா. காதுல விழுத எல்லாருக்கும் சேத்துத்தான்" என்றார். அந்தக் குடும்பம் பணம் கொடுக்க வந்தப்போ வாங்கலையாம். வெத்தலை பாக்கு மட்டும் எடுத்துக்கிட்டாராம்.

நீங்க செய்யக்கூடியது

நான் 'பெர்சனல்' கல்யாணம்னு நினைச்சது, நமக்குப் பிடிச்சதை மட்டும் நிரப்பறது. அதுக்கு ஒரு நல்ல ஸ்பீக்கர் போதும். ஆனா எங்க கல்யாணம் எங்களோடதா ஆனது, வாசிக்கிறவங்களோட உக்காந்து பேசின அந்த ரெண்டு மணி நேரத்துலதான். அதனால சில விஷயம் சொல்றேன்.

மேளத்தை மண்டபக்காரரோ, காண்டிராக்டரோ 'பேக்கேஜ்'ல போட்டுக் கொடுக்கும்போது அப்படியே விட்டுடாதீங்க. வாசிக்கப்போறவர் யார்னு கேட்டு, ஒரு தடவை நேர்ல பாருங்க. பிடிச்ச பாட்டு நாலஞ்சு மட்டும் சொல்லுங்க, எதை எங்க வைக்கலாம்னு அவரையே கேளுங்க. கிட்டாரோ கீபோர்டோ சேர்க்கணும்னா முதல் கேள்வி, "எத்தனை கட்டை சுருதி?"

அவங்க சாப்பாட்டை யோசிங்க. விடியறதுக்கு முன்னாடி வர்றவங்க, தாலி கட்டி முடியற வரைக்கும் எழுந்திருக்க முடியாது. வந்ததும் காப்பி, தாலி முடிஞ்சதும் முதல் பந்தியில இலை. எங்க வீட்டுல இதை ஒரு மாமா பொறுப்பா பார்த்துக்கிட்டார். பல கல்யாணத்துல அவங்க கடைசிப் பந்தியில, ரசம் தீர்ந்த பிறகு சாப்பிடறதை நானே பார்த்திருக்கேன்.

சம்பளத்தை அன்னைக்கே, தட்டுல வெத்தலை பாக்கு வச்சு, மணமக்கள் கையால கொடுங்க. ஆடியிலயும் மார்கழியிலயும் கல்யாணம் கிடையாது. அந்த மாசங்களையும் அவங்க இந்த முகூர்த்த நாட்களை வச்சுத்தான் கடக்கணும். பேரம் பேசறதுக்கு முன்னாடி இதை ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க.

எங்க கல்யாண வீடியோவுல அந்த இடத்தை எடிட்டர் வெட்டிட்டார். பாட்டு நிக்கிறது அவருக்குத் தப்பாப் பட்டிருக்கு. நான் திரும்பச் சேர்க்கச் சொன்னேன். இப்போ அதுல 'சிங்கார வேலனே' பாதியில நிக்கும், எங்களுக்குத் தெரியாத ஒரு பொண்ணுக்குக் கெட்டிமேளம் கேக்கும், அப்புறம் பாட்டு முதல்ல இருந்து வரும். தாத்தா அதைத்தான் திரும்பத் திரும்பப் போடச் சொல்றார்.

நீங்க கேட்ட கல்யாண மேளத்துல மறக்காம நின்னது எதுன்னு எங்களுக்கு எழுதுங்க, குரல் பதிவாவும் அனுப்பலாம். அடுத்த எபிசோடுல பார்ப்போம். அதுவரைக்கும், அடுத்து எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் ஒரு பத்து நிமிஷம் மேளக்காரங்க பக்கத்துல உக்காந்து கேளுங்க.